4,650 ரூபாய் போச்சு: வெளி விளக்குக்கு பவர் சப்ளை வாங்குபவர்கள் படியுங்கள்

மட்டமான பவர் சப்ளையை என் தலையில் கட்டிய ஆள் இன்று காலை என்னை பிளாக் செய்துவிட்டான். பெயர் போடவில்லை. சமூக ஊடகத்தில் பக்கம் வைத்து எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் ஒரு கடை, அவ்வளவுதான்.

கேட், கிணற்றடி, மாடிப்படி என்று பத்து விளக்கு. ஒவ்வொன்றும் 12 வோல்ட், 10 வாட். இருட்டினால் தானாக எரிய வேண்டும். அதற்கு ஒரு ஈஎஸ்பி32 (நாம் எழுதும் கோடை ஓட்டும் குட்டி கண்ட்ரோலர் போர்டு), அது சொல்கிறபடி விளக்கை ஆன்-ஆஃப் செய்யும் நாலு ரிலே உள்ள போர்டு, வீட்டு கரண்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும், மழை தாங்கும் 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் சப்ளை.

ஆளைச் சோதிக்கத்தான் கேட்டேன்: "ஈஎஸ்பி கொடுப்பது 3.3 வோல்ட், ரிலேவுக்கு 5 வேண்டும். ஒழுங்காக ஆஃப் ஆகுமா?" உடனே வாய்ஸ் மெசேஜ். "ஜேடி-விசிசி ஜம்பரைக் கழட்டிடுங்கண்ணா. அங்க 5 வோல்ட், விசிசிக்கு 3.3 கொடுங்க." ரிலே காயிலுக்கு 5 வோல்ட், சிக்னல் பக்கத்துக்கு 3.3 என்று தனித்தனியாகக் கொடுக்கும் வழி அது. சரியான பதில். அங்கேதான் விழுந்தேன். தொழில் தெரிந்தவன் ஏமாற்றமாட்டான் என்று எனக்கு யார் சொன்னது? அடுத்த நிமிடமே யூபிஐயில் 4,650 ரூபாய்.

சப்ளையைக் கையில் எடுத்தபோதே லேசாக இருந்தது. முதல் ரிலே வரை சரி. இரண்டாவது விழுந்ததும் மொத்தமும் அணைந்தது. ஈஎஸ்பி ரீபூட் ஆகி ரிலேவைப் போடும், சப்ளை மறுபடி படுக்கும். டக், டக், டக். பத்து விளக்குக்கும் சேர்த்தே எட்டரை ஆம்பியர் வராது!

"கோட் தப்புண்ணா" என்றான். பழைய கம்ப்யூட்டர் சப்ளையில் அதே கோடை ஓட்டி வீடியோ அனுப்பினேன், பத்தும் எரிந்தது. "வயர் நீளமா இருக்கும்." பிறகு "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" பிறகு வெறும் நீல டிக். மூடியைத் திறந்து பார்த்தேன், மழைக்கு ஒரு ரப்பர் வளையம்கூட இல்லை. உள்ளே 230 வோல்ட் ஓடுகிற பெட்டி. கேட் ஓரம் மாட்டி, மழையில் அம்மா தொட்டிருந்தால்?

வாங்கும் முன் பார்க்க வேண்டியதை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. தனி ஆள் எண்ணுக்குப் பணம் போடாதீர்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியரை நம்பாமல், மேஜையிலேயே முழு லோடு கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் வெளியே மாட்டுங்கள். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்ட்டை வெட்டும் சுவிட்ச்) இல்லாமல் மாட்டவே மாட்டாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கப் போகிறேன். தங்கச்சி போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அதே சப்ளை, "தீபாவளி ஆஃபர், சில பீஸ்கள் மட்டுமே". என் 4,650 ரூபாய்.