மூன்று சுருட்டா, ஒரு கடிதமா: அடிமைமுறை மாற்று வரலாற்றை எங்கே தொடங்குவது?

மாற்று வரலாறு எழுதுகிறவர் முதலில் முடிவு செய்வது, நடந்ததை எந்த நாளில் மடைமாற்றுவது என்பதை. அமெரிக்க அடிமைமுறை என்றால் பெரும்பாலும் மூன்று இடங்கள். கதையில் யார் ஆளாக நடமாடுவார், யார் வெறும் கூட்டமாக நிற்பார் என்பது அங்கேயே பாதி தீர்ந்துவிடும்.

அதிகம் புழங்குவது, அடிமைமுறையை விடாத தென் மாநிலங்களுக்கும் வட மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் (1861–65) தெற்கு வெல்லும் கதை. 1862 செப்டம்பர் 13 அன்று மேரிலாந்து வயலொன்றில், மூன்று சுருட்டைச் சுற்றியிருந்த காகிதம் வடக்குப் படையினர் கையில் சிக்கியது. அது தெற்கின் தளபதி ஜெனரல் லீயின் படை நகர்வு உத்தரவு, எண் 191. அது தொலையாமல் இருந்திருந்தால்? தொடங்க வசதியான இடம்தான். ஆனால் கதை தளபதிகளின் கூடாரத்தை விட்டு வெளியே வராது. 1860 கணக்கெடுப்பில் இருந்த 39 லட்சத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் திரைச்சீலை ஆகிவிடுவார்கள். வடக்குக்காகப் போரிட்ட சுமார் 1,80,000 கறுப்பின வீரர்களும் காணாமல் போவார்கள். 'தெற்கே ஜெயித்திருந்தாலும் கொஞ்ச நாளில் தானாக விட்டிருப்பார்கள்' என்று முடிப்பது இன்னும் மோசம். அடிமைகள் மீதான சொத்துரிமையைப் பறிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று தெற்கின் அரசியலமைப்பே சொன்னது. அந்த முடிவுதான் வேண்டுமென்றால், அதை யார் மீறினார், என்ன விலை கொடுத்தார் என்று காட்டியாக வேண்டும்.

அடிமைமுறை இன்றுவரை நீடிக்கும் கதை இரண்டாவது. சாட்டையடியை வேடிக்கைக் காட்சியாக்கிவிடும் ஆபத்து இதில் அதிகம். 'நல்லவேளை, நாம் தப்பித்தோம்' என்று வாசகர் புத்தகத்தை மூடிவிடவும் கூடும். அடிமைமுறையை ஒழித்த 1865இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பை அப்போதே விட்டுவைத்தது. அந்த விதிவிலக்கைத் தொடாத கதை பாதிக் கதை.

எங்கள் ஓட்டு மூன்றாவதற்கு: வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி. 1859 அக்டோபர் 16 இரவு, அடிமைகளின் கிளர்ச்சியைத் தூண்ட, அடிமைமுறையை எதிர்த்த வெள்ளையரான ஜான் பிரவுன் தன் 21 பேரில் 18 பேரோடு அங்கிருந்த அரசு ஆயுதக் கிடங்கில் புகுந்தார். இரண்டே நாளில் எல்லாம் முடிந்தது. அது வென்றிருந்தால், விடுதலை போர்க்களத்தின் பக்க விளைவாக வராது. குறை ஒன்றுதான்: பிரவுனின் தாடியே பக்கம் முழுக்க நிறைந்துவிடும். அதற்கு மாற்று டேஞ்சர்ஃபீல்ட் நியூபி. உடன் போன ஐந்து கறுப்பினத்தவரில் ஒருவர். அந்தத் தரப்பில் முதலில் விழுந்தவரும் அவரே. உடலில் மனைவி ஹாரியட்டின் கடிதங்கள் இருந்தன. எசமானர் விற்றுவிடுவார், அதற்குள் வந்து என்னை வாங்கிவிடுங்கள் என்று கெஞ்சும் கடிதங்கள். கதையை அந்தச் சட்டைப்பையிலிருந்து தொடங்குங்கள், சுருட்டிலிருந்து வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் ஆவணங்களில் கவனம் தேவை. 1936–38இல் பதிவான 2,300க்கும் மேற்பட்ட முன்னாள் அடிமைகளின் பேட்டிகள் பொக்கிஷம்தான். ஆனால் பலர் அடிமையாக இருந்தது சிறுவயதில். கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். 'எசமான் நல்லவர்' என்ற வரியை அப்படியே நம்பாதீர்கள். உச்சரிப்பைக் கொச்சையாக எழுதிவைத்தது கேட்டவர்களின் காது. அதை வசனத்தில் நகலெடுக்க வேண்டாம். தமிழில் எழுதும்போது எசமானருக்குச் செந்தமிழும் அடிமைக்குச் சேரிப்பேச்சும் கொடுப்பதும் அதே தவறு.

1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலில் பெரும்பாலும் எசமானருக்கு மட்டும்தான் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே வரிசையாக வயது, பால், நிறம். முதல் அத்தியாயத்துக்கு முன்பே அந்த வரிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுங்கள்.