கிளாடூ அறிக்கை: காத்திருந்து வாங்க வேண்டிய சேவை

டொராண்டோவில் வழக்கறிஞர் ஒருவரின் உதவியாளராக இருக்கிறேன். தண்டனைக்காகக் காத்திருந்த பூர்வகுடி இளைஞர் ஒருவருக்காக, அவரது குடும்ப, வாழ்க்கைப் பின்னணியை நீதிபதிக்கு எடுத்துச் சொல்லும் இந்த அறிக்கையைக் கேட்டோம். தண்டனைக்கு முன் பூர்வகுடியினரின் பின்னணியை நீதிபதி பார்த்தாக வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1999-இல் கிளாடூ என்பவரின் வழக்கில் சொன்னதிலிருந்து வந்த சேவை.

அறிக்கை எழுதியவர் பாட்டி வரை தேடிப்போய்ப் பேசினார். பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிக்குத் தான் பிடித்துச் செல்லப்பட்டதைப் பாட்டி அன்றுதான் முதன்முறையாகச் சொன்னாராம். வாசித்த பேரன் வெகுநேரம் பேசவே இல்லை. சிறைக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்ற பரிந்துரைகளும் தெளிவாக இருந்தன.

குறை, எட்டு வாரக் காத்திருப்பு. அதுவரை அந்த இளைஞர் ஜாமீன் இல்லாமல் சிறைக்குள்ளே. மக்கள்தொகையில் 5 சதவீதமான பூர்வகுடியினர் மத்திய அரசின் சிறைகளில் இருப்போரில் 30 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறார்கள். இவ்வளவு தாமதம் கூடாது. முதல் நாளே கேட்டுவிடுங்கள்.