டர்பன் வீட்டுக்கு எது நல்லது: குண்டுமல்லியா, காட்டு மல்லியா?

தைப்பூசக் காவடிக்கு வீட்டுப் பூவிலேயே சரம் கட்ட ஆசைப்பட்டால், குண்டுமல்லியை வையுங்கள். தமிழ்நாட்டில் தை மாதம் மல்லிக்குப் பஞ்சம். பங்குனி, சித்திரையில்தான் அங்கே பூத்துக் கொட்டும். இங்கே தென்னாப்பிரிக்காவில் தை என்றால் நடுக்கோடை, மழையும் அப்போதுதான். செடி செழித்து நிற்கும் நேரத்திலேயே முருகனுக்கு நாள் வந்துவிடுகிறது.

இந்தப் பருவக் கணக்கு புரியாமல்தான் பலரும் செடியைக் கெடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக் குறிப்புகள் கார்த்திகையில் கவாத்து பண்ணச் சொல்லும். இங்கே அது கோடை பிறக்கும் நேரம். மல்லி புதுத்தளிரின் நுனியில் மொட்டு வைக்கும் செடி. அப்போது வெட்டினால் பூ தள்ளிப்போகும். குளிர் விடுகிற ஆகஸ்டில், ஆடி முடியும்போது, முழங்கால் உயரத்துக்கு வெட்டி, தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். நாளெல்லாம் வெயில் படும் இடமாக இருக்கட்டும். நிழலில் இலைதான் மிஞ்சும்.

பறிப்பது சாயங்காலம். வெள்ளை வெளேரென்று உப்பி, வாய் திறக்காமல் இருக்கும் மொட்டுதான் கணக்கு. பச்சை ஓடியதை நாளைக்கு விட்டுவிடுங்கள். எங்கள் ஆயா தடவிப் பார்த்தே பிரித்துவிடுவார். வாழைநாரில் அவர் கட்டும் சரம் ராத்திரி சாமி படத்தில் மெல்ல விரியும்போது வீடே மணக்கும். அந்த மணத்துக்காகவே நான் இந்தச் செடியை விடமாட்டேன்.

காட்டு மல்லி இந்த மண்ணின் சொந்தப் பிள்ளை. தாவரப் பெயர் ஜாஸ்மினம் மல்டிபார்ட்டிட்டம். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துப் புதர்களில் தானாகவே வளரும். மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு. விரிந்தால் மெல்லிய இதழ்களோடு வெள்ளை நட்சத்திரம். இருட்டியதும் மணம் எழும்பும், விட்டில்கள் வரும். அப்புறம் காய்க்கும் கருப்புப் பழத்துக்குக் குருவிகள் வரும். வேரூன்றிவிட்டால் வறட்சியைத் தாங்கும், லேசான உறைபனியையும் தாங்கும். ஆனால் பூ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விரியும். ஒரு முழம் சேர்ப்பதற்குள் பொழுது போய்விடும். சரத்துக்கு இது சரிவராது, வேலியோரத்துக்கு அருமை.

கார்டீனியாவையும் சிலர் கேட்கிறார்கள். மணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கை பட்ட இதழ் பழுத்துப்போகும், மண்ணில் புளிப்புத்தன்மை குறைந்தால் இலை மஞ்சளாகும். ஒற்றைப் பூவாகக் கிண்ணத்தில் மிதக்கவிடலாம், அவ்வளவுதான்.

கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு இடமிருந்தால் இரண்டு மல்லியும் வைக்கலாம். உள்ளே பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் உறைபனி விழும் பள்ளத்தில் வீடு என்றால் தரையில் காட்டு மல்லிதான். அங்கே குண்டுமல்லியும் வேண்டுமென்றால் தொட்டியில் வையுங்கள். ஜூன் பிறந்ததும் வடக்குப் பார்த்த சுவரோரம் நகர்த்திவிடுங்கள். குளிர்காலத்தில் இங்கே வெயில் விழுவது அந்தப் பக்கம்தான்.