ஃப்ளாய்ட் ரோஸா, ஹார்ட்டெயிலா? மும்பையில் மேடையேறும் கிட்டாருக்கு எந்த பிரிட்ஜ்

ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்துக்கொண்டு செம்பூரிலிருந்தோ மாட்டுங்காவிலிருந்தோ லோக்கல் ரயிலில் போய் ராக் வாசிக்கிறவர், ஒலியை எடுக்கும் பிக்அப்பைப் பார்க்கும் முன், பாடியில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜைப் பார்க்க வேண்டும். என் தேர்வு ஹார்ட்டெயில், அதாவது பாடியில் அசையாமல் பதிந்த பிரிட்ஜ். சவுண்டுக்காக இல்லை, பராமரிப்புக்காக.

ஃப்ளாய்ட் ரோஸ் என்பது ஸ்ட்ரிங்கைப் பூட்டி வைத்து அசைக்கக்கூடிய பிரிட்ஜ்; அதன் பெருமை தெரிந்ததுதான். நட்டிலும் (கழுத்தின் தலைப்பக்க முனை) சேடிலிலும் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் இடம்) ஸ்ட்ரிங்கைப் பூட்டிவிடுவதால், பிரிட்ஜை ஆட்டும் கம்பியான வாமி பாரை ஸ்ட்ரிங் தொளதொளக்கும்வரை அழுத்தி விட்டாலும் சுருதி பழைய இடத்துக்கே வந்து நிற்கும். வாமி பாரை வெகுவாக ஆட்டும் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் வாய் பாணியில் வாசிப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை; அவர்கள் தயங்காமல் அதையே வாங்கலாம்.

மற்றவர்களுக்குத்தான் கேள்வி. ஃப்ளாய்ட் ரோஸ் போல இரு பக்கமும் அசையும் ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் ஒரு தராசு. 9-42 ஸ்ட்ரிங் செட்டை (தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 முதல் 42 பங்கு வரை) வழக்கமான ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் மாட்டினால் முன்பக்கம் ஏறக்குறைய 38 கிலோ இழுக்கும். பின்னால் ஸ்பிரிங்குகள் அதே அளவு இழுத்துச் சமன் செய்யும். பாட்டின் நடுவில் ஒரு ஸ்ட்ரிங் அறுந்தால் ஸ்பிரிங் பக்கம் ஜெயித்து, மீதி ஐந்தும் சுருதி ஏறிவிடும். அந்தப் பாட்டு அத்தோடு போச்சு. ஹார்ட்டெயிலில் மற்ற ஐந்தும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், சமாளித்து முடித்துவிடலாம். ட்ராப் டி ட்யூனிங்குக்குப் போவதிலும் இதே கதை: தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்கை மட்டும் இறக்கினால் மற்றவை ஏறும். 9-42-லிருந்து தடிமனான 10-46-க்கு மாறினால் இழுவை 46 கிலோவைத் தொடும். பிரிட்ஜ் முன்னால் சாயும், பின்பக்கத் தகட்டைத் திறந்து ஸ்பிரிங் திருகுகளை இறுக்க வேண்டும், சில சமயம் இன்னொரு ஸ்பிரிங்கும் சேர்க்க வேண்டும்.

ஸ்ட்ரிங் மாற்றுவதையே பாருங்கள். முதலில் பிரிட்ஜின் பின்புற உலோகக் கட்டைக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகி அசையாமல் நிறுத்த வேண்டும். 3 மி.மீ. ஆலன் கீயால் நட் பூட்டைத் திறந்து, பழைய ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி எடுக்க வேண்டும். புதியதன் உருண்டை முனையை வெட்டிவிட்டு சேடிலில் செருகி இறுக்க வேண்டும். வெறி பிடித்தாற்போல் இறுக்கினால் உள்ளே பிடிக்கும் சின்னக் கட்டை விரிசல் விடும். பிரிட்ஜில் சுருதியைச் சிறிதளவு மாற்றும் ஃபைன் ட்யூனர் திருகுகளை நடுவில் வைத்து, ஸ்ட்ரிங்கை நன்றாக இழுத்துவிட்டு, ட்யூன் செய்து, அதன் பிறகே நட்டைப் பூட்ட வேண்டும். பூட்டியபின் ஃபைன் ட்யூனர் கோடிக்குப் போய்விட்டால் எல்லாவற்றையும் திறந்து மறுபடி. வெளியூர் கச்சேரிக்கு விமானத்தில் போகிறவர் வயர் கட்டரை செக்-இன் பெட்டியில் வைப்பது நல்லது; கைப்பையில் இருந்தால் பெரும்பாலும் பிடுங்கிவிடுவார்கள்.

இதற்கு மேல் மும்பை மழை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வியர்வையும் கடற்காற்றும் சேடில் திருகுகளைத் துருவேற்றும். துருவேறிய திருகில் ஆலன் கீ வழுக்கி அறுகோணக் குழி வட்டமாகிவிட்டால் அந்தத் திருகைக் கழற்றுவது பெரும்பாடு. துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் மாற்றினால் தொல்லை குறைகிறது. பல மழைக்காலம் தாங்குமா என்று இப்போதே உறுதி சொல்ல மாட்டேன்.

ஹார்ட்டெயிலுக்கு வேண்டியது கொஞ்சம்தான்: நட் பள்ளங்களில் பென்சில் கரி தடவுவது, வாசித்து முடித்ததும் துடைப்பது, உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம். ட்யூனிங் நழுவினால் முதலில் நட்டைச் சந்தேகப்படுங்கள்.

நடுவழியும் உண்டு. ஃப்ளாய்ட் ரோஸின் பின்புறக் குழியில் மரக்கட்டை வைத்து, பார் கீழே மட்டும் போகும்படி செய்யலாம். ஸ்ட்ரிங் அறுந்தாலும் மற்றவை ஏறாது, ட்ராப் டி-யும் சாத்தியம். ஸ்ட்ரிங் மாற்றும் வேலை மட்டும் அதேதான்.

பழைய ஃப்ளாய்ட் ரோஸ் கிட்டார் விலைக்கு வந்தால், பாரைக் கீழே அழுத்தி விட்டு, சுருதி காட்டும் ட்யூனரைப் பாருங்கள். பிறகு மேலே இழுத்து விட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் சுருதி வேறு வேறு இடத்தில் நின்றால், பாடியில் உள்ள திருகு மேல் உட்காரும் பிரிட்ஜின் கத்தி முனை தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மலிவுப் பிரதிகளில் உலோகம் மென்மையானது, சீக்கிரம் தேயும். அதற்குப் பிறகு பிரிட்ஜையே மாற்ற வேண்டிவரும்; அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.