சாம்பிளை மாற்றினால் சத்தம் தப்பிக்கும், லூப்தான் மாட்டும்

கீபோர்டில் வாசிப்பதற்காக ஹார்மோனியத்தில் மூன்று ஸ்தாயிக்கு, மூன்று அரைச்சுரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 13 சுரங்களைச் சாம்பிள்களாக, அதாவது சிறு ஒலிப்பதிவுகளாகப் பதிவு செய்து, கீயைப் பிடித்திருக்கும்வரை ஒரு பகுதி திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி லூப் போட்டு, எந்தக் கீக்கு எந்தப் பதிவு என்று சொல்லும் எஸ்எஃப்இசட் கோப்பும் எழுதி வைத்திருந்தேன். எல்லாம் 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 44,100 அளவுப் புள்ளிகள். வேறொரு வேலைக்காக 48-இல் தேவைப்பட்டது, ஒலி இருக்கும் வேவ் கோப்புகளை மட்டும் ஒரே கட்டளையில் மாற்றிவிட்டேன். வாசித்துப் பார்த்தால் சுருதி விலகவில்லை, சத்தமும் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு கீயை அழுத்திப் பிடித்தால் இரண்டு நொடி கழித்து ஒரு 'டக்', அப்புறம் ஏறக்குறைய நொடிக்கு ஒரு 'டக்'.

லூப் எங்கே தொடங்குகிறது என்பதை யாரும் நொடியில் எழுதி வைப்பதில்லை, எத்தனையாவது சாம்பிள் என்றுதான் எழுதுகிறார்கள் (இங்கே சாம்பிள் என்றால் முழுப் பதிவு அல்ல, அந்த அளவுப் புள்ளிகளில் ஒன்று). 44.1-இல் 61,740-இல் தொடங்கி 1,05,840-இல் முடிகிற லூப் என்றால் 1.4 நொடியிலிருந்து 2.4 நொடி வரை. 48-க்குப் போனதும் அதே இடங்கள் 67,200, 1,15,200 ஆகிவிடும். என் பழைய எண்களோ எஸ்எஃப்இசட் கோப்பில் அப்படியே இருந்தன. வேவை மாற்றிய நிரலுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது, தெரியவும் வழியில்லை.

எந்தக் கன்வெர்ட்டர் நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்களுக்கு மாற வேண்டியது சத்தம் மட்டுமா, அல்லது அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் லூப், மூல சுரம் (பதிவு எந்தச் சுரத்துக்கு உரியது), எந்தக் கீக்கு எது, எவ்வளவு அழுத்தினால் எது என்ற விவரங்களுமா?

சத்தம் மட்டும் போதும் என்றால் போட்டி சாக்ஸுக்கும் எஃப்எஃப்எம்பெக்குக்கும்தான். இரண்டும் இலவசம், இரண்டும் கட்டளை வரியில் ஓடுபவை. எஃப்எஃப்எம்பெக் எதைக் கொடுத்தாலும் திறக்கும், ஆனால் வேவுக்குள் லூப் விவரம் பதிந்திருந்தால் அதை வெளியே கொண்டுவராது, கீழே போட்டுவிடும். சாக்ஸின் கடைசி அதிகாரப்பூர்வ வெளியீடு 2015-இல் வந்தது, பழசுதான், ஆனாலும் 24 பிட்டை 16 ஆக்கும்போது நாம் சொல்லாமலே டிதர் (துல்லியம் குறையும்போது வரும் கரகரப்பை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) சேர்த்துக்கொள்ளும். எஃப்எஃப்எம்பெக்கில் அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். தவில் அடிக்கு இந்த வித்தியாசம் காதில் விழாது. மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கும் தம்புராவுக்கு விழலாம். அதனால் நூறு இருநூறு கோப்புகளை மொத்தமாக மாற்ற வேண்டியிருந்தால் என் கை சாக்ஸ் பக்கம்தான் போகும்.

எம்பி3 வழியாக மட்டும் போகாதீர்கள். தரம் குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும், லேம் என்ற எம்பி3 நிரலால் சுருக்கி மறுபடி விரித்தால், அதில் சேரும் இடைவெளியைக் கணக்கிட்டு வெட்டிவிடும் நிரலாக இல்லாதவரை, முன்னால் 1,105 சாம்பிள் வெற்று இடம் வந்து ஒட்டிக்கொள்ளும். 44.1-இல் அது 25 மில்லிநொடி. லூப்பும் தள்ளிப்போகும், தாளமும் பின்தங்கும். இடம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் இருக்கவே இருக்கிறது.

சரி, முழு வாத்தியமாக மாற்ற வேண்டும் என்றால் கோப்பு வடிவங்களில் இரண்டு பெரிய வீடுகள்: எஸ்எஃப்2, எஸ்எஃப்இசட். எஸ்எஃப்2 என்கிற சவுண்ட்ஃபான்ட் ஈமு, கிரியேட்டிவ் நிறுவனங்களிடமிருந்து வந்தது, 1994-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 அட்டையோடு பரவிய குடும்பம். சத்தமும் விவரமும் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். கச்சேரிக்கு வாசிக்கும் ஒரு தம்பிக்கு அந்த ஹார்மோனியத்தை அனுப்பியபோது, "அண்ணே, ஒரே கோப்பா குடுங்க, இத்தனை வேவையும் நான் எங்க வச்சு தேடுறது" என்றான். நியாயம்தான். மேடையில் நிற்பவனுக்குத் தேவை ஒரு கோப்பு, அது திறக்கும் ஒரு ஆப், அவ்வளவுதான்.

எஸ்எஃப்இசட்டோ வெறும் எழுத்துக் கோப்பு, வேவ்கள் பக்கத்தில் தனியாக இருக்கும். நோட்பேடில் திறந்து, எது தப்போ அந்த வரியைத் திருத்தலாம், என் 'டக்'கையும் அப்படித்தான் சரிசெய்தேன். 26 எண்கள், கால்குலேட்டரில் 160-ஆல் பெருக்கி 147-ஆல் வகுத்து (48-க்கும் 44.1-க்கும் உள்ள விகிதம் அது). எஸ்எஃப்இசட்டில் ஒரு எரிச்சல் உண்டு: விண்டோஸில் ஓடியது லினக்ஸில் ஊமையாகிவிடும், ஏனென்றால் கோப்புப் பெயரில் ஒரு எழுத்து பெரியதா சிறியதா என்று லினக்ஸ் பார்க்கும்.

ஆனால் எது சிறந்தது என்பதை எனக்குத் தீர்த்து வைத்தது தவில். வலந்தலையில் ஒரே சொல்லை நான்கு முறை வாசித்துப் பதிவு செய்து, மாற்றி மாற்றி ஒலிக்கும்படி வைத்திருந்தேன், இல்லாவிட்டால் வேகமாக வாசிக்கும்போது இயந்திரம் தட்டுவதுபோல இருக்கும். எஸ்எஃப்இசட்டில் இந்தச் சுழற்சிக்கு வழி உண்டு. எஸ்எஃப்2-வில் கிடையாது. மாற்றியதும் நான்கும் ஒரே கீயில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன, ஒரு தட்டு தட்டினால் நான்கு வித்வான்கள் சேர்ந்து இறங்குகிறார்கள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். அப்புறம் மூன்றை நீக்கி, நல்ல அடி ஒன்றை மட்டும் வைத்து எஸ்எஃப்2 செய்தேன். அதிலிருந்து மூலம் எப்போதும் எஸ்எஃப்இசட்டில், கைமாற்றுவதற்கு மட்டும் எஸ்எஃப்2.

இந்த வேலைக்கான கருவிகளில் பாலிஃபோனும் கன்வெர்ட்வித்மாஸும் இலவசம். பாலிஃபோன் அடிப்படையில் ஒரு எஸ்எஃப்2 எடிட்டர். அலையைக் கண்ணால் பார்த்து லூப்பை நகர்த்தலாம், எஸ்எஃப்இசட்டையும் உள்ளே எடுக்கும், வெளியே கொடுக்கும். ஒரு வாத்தியத்தை உட்கார்ந்து செதுக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. கன்வெர்ட்வித்மாஸில் செதுக்க முடியாது, அது சரக்கு லாரி மாதிரி. ஒரு ஃபோல்டரைக் காட்டினால் எஸ்எஃப்இசட், எஸ்எஃப்2, டிசென்ட் சாம்ப்ளர், பிட்விக், லாஜிக்கின் பழைய ஈஎக்ஸ்எஸ்24, ஆகாய் எம்பிசி கீகுரூப் என்று இந்த வடிவங்களில் எதிலிருந்து எதற்கும் கொண்டுபோகும். கான்டாக்ட் என்ற சாம்ப்ளர் நிரலின் கோப்புகளையும் ஓரளவு படிக்கும், ஆனால் பூட்டிய லைப்ரரிகளைத் திறக்காது, ஸ்கிரிப்ட் எழுதிச் செய்த வித்தைகளும் கூட வராது. பதிவும் கீ அமைப்பும் கிடைத்தால் லாபம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம் இல்லை.

தனிப் பெட்டியாக வரும் வன்பொருள் சாம்ப்ளர் வைத்திருப்பவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. எலெக்ட்ரான் டிஜிடாக்ட் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. அதன் டிரான்ஸ்ஃபர் ஆப் தானே மாற்றி ஏற்றிவிடும். 1988-இல் வந்த ஆகாய் எஸ்1000 சாம்ப்ளர் காலத்து சிடி ஒன்று கையில் கிடைத்தால்தான் பாடு. கணினியில் போட்டால் காலி சிடி போலத் தெரியும், காரணம் அதில் இருப்பது ஆகாயின் சொந்த வட்டு அமைப்பு. ஆகாய்யூட்டில் என்ற திறந்த மூல நிரலால் உள்ளே நுழையலாம். ஸ்டீரியோ சாம்பிள் இடது, வலது என்று இரண்டு கோப்பாக இருக்கும், பெயர்கள் 12 எழுத்துக்குள் நறுக்கியிருக்கும், எது எதற்கு ஜோடி என்று கண்டுபிடித்து ஒட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

எந்த வழியில் மாற்றினாலும் நான் முதலில் அழுத்துவது மிடி எண் 60, அதாவது கீபோர்டின் நடு சி. இதை யமஹா சி3 என்கும், எஸ்எஃப்இசட் சி4 என்கும். கோப்புப் பெயரைப் பார்த்து மூல சுரத்தை ஊகிக்கும் நிரல் இதில் ஒன்றை நம்பி மற்றதைக் கொடுத்தால் முழு ஹார்மோனியமும் ஒரு ஸ்தாயி தள்ளி நிற்கும், தனியாக வாசித்தால் தெரியாது, பாடுகிறவர் வாய் திறந்ததும்தான் தெரியும். அதனால் இப்போதெல்லாம் கோப்புப் பெயரில் சுரம் எழுதுவதில்லை, 60, 63, 66 என்று எண்ணாகவே எழுதிவிடுகிறேன்.