கல்லடியில் ‘சார்ட் பட்டர்ன்’ வகுப்புக்குக் காசு கட்டுமுன் இதைப் படியுங்கள்

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சார்ட் (பங்கு விலை ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடம்) பார்த்து, டிசிப்ளினோடு பங்கு வாங்கி விற்றால் மாதாமாதம் வருமானம் எடுக்கலாம் என்று சொல்லி வார இறுதிகளில் ஒரு வகுப்பு நடக்கிறது. மண்டபம் மாறும், பெனர் மாறும், கட்டணம் மட்டும் குறையாது. நான் கல்லடியில் 45,000 ரூபா கட்டிப் படித்தேன். நடத்துபவரின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைப் போட்டால் நாளைக்கு வேறு பெயரில் வருவார். வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

மனிதர் நன்றாகப் பேசுவார், அதைச் சொல்லத்தான் வேண்டும். விலையை மெழுகுதிரி போன்ற கட்டைகளாகக் காட்டும் மெழுகுதிரி சார்ட்டை எப்படி வாசிப்பது, ஆதரவு விலை (இறங்கும் விலை நிற்கும் இடம்) எது, தடை விலை (ஏறும் விலை முட்டி நிற்கும் இடம்) எது என்று தொடங்குவார். பிறகு சார்ட்டில் தெரியும் உருவங்கள், அதாவது பட்டர்ன்கள்: இரண்டு பள்ளம் போன்ற டபுள் பொட்டம், ஒரு தலையும் இரண்டு தோளும் போன்ற ஹெட் அன்ட் ஷோல்டர்ஸ், கோப்பையும் கைபிடியும் போன்ற கப் அன்ட் ஹேண்டில் என்று வரிசையாக வரும். 18ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் அரிசி வியாபாரம் செய்த ஹொம்மா முனேஹிசாவின் கதையும் உண்டு. மெழுகுதிரி முறையை அவர் பெயரோடு சேர்த்துத்தான் எல்லாரும் சொல்வார்கள். நெல்லு விளைகிற ஊரில் அரிசி வியாபாரி கோடீஸ்வரனான கதை எடுபடாமல் போகுமா? மண்டபமே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.

ஆனால் திரையில் காட்டிய படங்கள் எல்லாமே முடிந்துபோன சார்ட்டுகள். விலை ஏறி முடிந்த பிறகு, ஏறத் தொடங்கிய இடத்தில் ஒரு வட்டம் போட்டு “பாருங்க தம்பி, இங்க தெரியுதுதானே” என்றால் யாருக்குத்தான் தெரியாது? வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஏதாவது ஒரு பங்கின் பழைய சார்ட்டைத் திறந்து, வலப்பக்கப் பாதியைக் கடதாசியால் மறைத்துவிட்டு, அடுத்தது ஏறுமா இறங்குமா என்று எழுதி வையுங்கள். பிறகு கடதாசியை எடுத்துப் பாருங்கள். ஹெட் அன்ட் ஷோல்டர்ஸ் என்று நீங்கள் நினைத்த உருவம் பல இடங்களில் மூன்றாவது தோளும் நான்காவது தோளும் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் போயிருக்கும். இந்தப் பயிற்சியை வகுப்பில் ஒருநாளும் தரவில்லை.

இன்னொன்று, காட்டிய உதாரணங்களில் பெரும்பாலானவை அமெரிக்கப் பங்குகள், அதை விட்டால் இந்தியாவின் நிஃப்டி சுட்டெண். நாங்கள் வியாபாரம் செய்யப்போவது கொழும்புப் பங்குச் சந்தையில். இரண்டும் ஒன்றில்லை. அமெரிக்காவில் பல தரகர்கள் பங்கு வாங்க விற்கத் தரகு எடுப்பதே இல்லை. இங்கே சாதாரண முதலீட்டாளருக்குத் தரகு, வரி, மற்றக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது 1.12 வீதம். வகுப்பு எடுத்த சேர் சொல்லித் தந்த சூத்திரம் என்ன? 3 வீதம் ஏறினால் விற்று வெளியே வா, 2 வீதம் இறங்கினால் ஸ்டொப் லொஸ் (நட்டம் கூடாமல் நிறுத்த முன்கூட்டியே வைக்கும் விற்பனை விலை) போட்டு வெளியே வா. கேட்க அழகாக இருக்கிறது. ஒரு இலட்சம் ரூபாவுக்கு வாங்கினால் கட்டணத்தோடு 101,120. 3 வீதம் ஏறி விற்றால் கட்டணம் போகக் கையில் வருவது கிட்டத்தட்ட 101,846. இலாபம் 726 ரூபா. 2 வீதம் இறங்கி விற்றால் கையில் வருவது கிட்டத்தட்ட 96,902. நட்டம் 4,218 ரூபா. இந்தக் கணக்கில் நட்டமில்லாமல் நிற்பதற்கே நூற்றுக்கு 85 தடவைக்கு மேல் சரியாகப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கிற ஆள் மண்டபம் வாடகைக்கு எடுத்து எங்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பாரா?

இந்தக் கணக்கை வகுப்பின் வட்சப் குழுவில் போட்டேன். “நெகட்டிவா யோசிக்கிற ஆக்கள் சந்தைக்குச் சரிவர மாட்டாங்க” என்று ஒரு குரல் பதிவு வந்தது. கணக்குக்கு மறுமொழி வரவில்லை.

அப்புறம் சேர் வாங்கச் சொன்ன அந்தப் பங்கு. பெயர் வேண்டாம். நாளில் சில ஆயிரம் பங்குகள்கூடக் கைமாறாத ஒரு சின்னக் கம்பனி. கப் அன்ட் ஹேண்டில் முடிந்துவிட்டது, நாளைக்கு பிரேக்அவுட் (விலை தடையை உடைத்து ஏறுவது), காலையில் 9.30க்குச் சந்தை திறந்தவுடன் வாங்குங்கள் என்று இரவில் குழுவில் செய்தி வந்தது. காலையில் விலை துள்ளியது உண்மைதான். ஏன் துள்ளாது? விற்க ஆளில்லாத பங்கை ஒரு குழுவே ஒரே நேரத்தில் வாங்கப் போனால் துள்ளத்தான் செய்யும். மத்தியானத்துக்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. சேர் சொன்ன ஸ்டொப் லொஸ் விலைக்கு விற்கப் போனால் அந்த விலையில் வாங்க ஒரு ஆளும் இல்லை. திரையில் வாங்குபவர் பக்கம் அடுத்த விலை வெகு கீழே நின்றது. நாங்கள் வாங்கிய நேரம் எங்களுக்கு விற்றது யார் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அதே பங்கை சேர் எப்போது வாங்கினார், எப்போது விற்றார் என்று கேட்டவர்கள் அன்றைக்கே குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

ஆள் குறைந்த பங்கில் சார்ட் உருவம் என்று எதுவும் கிடையாது என்பதை யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் வாங்கி விற்றே அந்தக் கோப்பையையும் கைபிடியையும் வரைந்துவிடலாம். இது புதுக் கதையும் இல்லை. 2010, 2011இல் கொழும்பில் சின்னச் சின்னப் பங்குகள் காரணமே இல்லாமல் ஏறின. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தொட்டது, 2012 நடுப்பகுதியில் 5,000க்கும் கீழே கிடந்தது. உச்சத்தில் வாங்கிய பலர் வருடக்கணக்கில் அந்தப் பங்குகளை வைத்துக்கொண்டு இருந்தார்கள். இப்படிச் செயற்கையாக விலையை ஆட்டுவது 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் குற்றம்.

எங்களோடு படித்தவர்களில் அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். பணிக்கொடையில் ஒரு பகுதியைப் போட்டவர். அவர்தான் மண்டபத்தில் எழும்பி, மரியாதையாக, “சேர், உங்கட போட் நோட், சோல்ட் நோட்ட ஒருக்காக் காட்டுங்களன்” என்று கேட்டார். தரகு நிறுவனம் ஒவ்வொரு கொள்வனவுக்கும் விற்பனைக்கும் அனுப்பும் சீட்டுத்தான் அது. அதில் திகதி, விலை, எண்ணிக்கை எல்லாம் இருக்கும். சேர் சிரித்துக்கொண்டு போனை எடுத்து ஒரு ஸ்கிரீன்ஷொட் காட்டினார். டொலரில் பச்சை நிறத்தில் இலாபம். பிறகு ஆறுதலாகப் பார்த்தபோது அது வெளிநாட்டு நாணய வியாபாரத்துக்குப் பாவிக்கும் மெட்டாட்ரேடர் செயலியின் படம், பொய்க்காசில் பழகும் டெமோ கணக்கு. கொழும்புப் பங்குக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இனி அந்த டிசிப்ளின் விவகாரம். இந்த வகுப்பின் முழுத் தந்திரமும் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வியாபாரத்தையும் கொப்பியில் எழுதச் சொன்னார். ஏன் வாங்கினாய், மனநிலை எப்படி, எங்கே விற்றாய். எழுதுவது நல்ல பழக்கம்தான், நான் இன்றைக்கும் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கொப்பி அவர் கையில் என்ன ஆனது தெரியுமா? வென்றால் பட்டர்ன் வேலை செய்தது. தோற்றால் உனக்கு டிசிப்ளின் இல்லை. சொன்ன நேரத்துக்கு வாங்கி, சொன்ன விலைக்கு விற்றவன் தோற்றாலும் “பயத்தோட வாங்கியிருப்பாய் தம்பி”. எப்படிப் போனாலும் பிழை மாணவன் பக்கம். அந்தப் பிழைக்கு மருந்தும் அவரிடமே இருந்தது. மனக்கட்டுப்பாட்டு வகுப்பு, தனியாக 30,000 ரூபா. அக்கரைப்பற்று ஆசிரியர் அதற்கும் கட்டினார். முப்பது வருசம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்த மனிதரை, ஒழுக்கம் இல்லாதவர் என்று நம்ப வைத்துவிட்டார்கள். எனக்கு என் காசு போனதைவிட அதுதான் ஆத்திரம்.

2022 ஏப்ரல் 18ஆம் திகதியிலிருந்து ஒரு வாரம் கொழும்புச் சந்தையே மூடிக் கிடந்தது. சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுதான் மூடச் சொன்னது. 25ஆம் திகதி திறந்தவுடனேயே விலைகள் சரிந்து வியாபாரம் திரும்பவும் நிறுத்தப்பட்டது. பூட்டிய கதவுக்குள் யாருடைய டிசிப்ளின், யாருடைய ஸ்டொப் லொஸ் வேலை செய்திருக்கும்? கடன் வாங்கிப் பங்கு வாங்காதே, ஒரே பங்கில் எல்லாவற்றையும் போடாதே என்று சொல்ல அதைவிட நல்ல பாடம் இல்லை. வகுப்பில் அந்த வருடத்துச் சார்ட்டையே காட்டவில்லை.

கடைசிக் கட்டம் வெளிநாட்டு ஃபொரெக்ஸ் (நாணயங்களை வாங்கி விற்கும்) தளம். “கொழும்பு மார்க்கட் சின்னது, இனி டொலரில செய்வம்” என்று ஒரு இணைப்பு அனுப்பினார். அந்த இணைப்பின் வாலில் அவருடைய குறியீடு இருந்தது. அதனூடாக யார் சேர்ந்து காசு போட்டாலும், வென்றாலும் தோற்றாலும் அவருக்குத் தரகு. நான் அதில் சேரவில்லை. ஒன்லைன் ஃபொரெக்ஸ் வியாபாரத்துக்குக் காசு அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தை மீறுவது என்று மத்திய வங்கி திரும்பத் திரும்ப அறிவித்தல் போட்டிருக்கிறது. வங்கி அட்டையால் கட்டினாலும் அதேதான். அங்கே காசு போனால் முறைப்பாடு கொடுக்கப் போகிறவரே முதலில் பதில் சொல்ல வேண்டி வரும். இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் ஆட்களை அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள்.

காசைத் திருப்பிக் கேட்டபோது பற்றுச்சீட்டு எங்கே என்றார்கள். பற்றுச்சீட்டு தந்தால்தானே. ஒரு தனியாளின் கணக்குக்குத்தான் காசு போட்டோம், வங்கிச் சிலிப் மட்டும் இருக்கிறது. அதை வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் பிந்த வேண்டாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். பங்கை வாங்கச் சொன்ன செய்திகளை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஆணைக்குழுவுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

சார்ட் படிக்க ஆசை என்றால் படியுங்கள், அதில் ஒன்றும் பிழை இல்லை. பங்குகளை வைத்திருக்கத் தேவையான சீடிஎஸ் கணக்கைப் பங்குச் சந்தையின் செயலியிலேயே போனில் திறக்கலாம், யாருக்கும் இடைத்தரகு கொடுக்கத் தேவையில்லை. முதலீட்டு ஆலோசனை சொல்கிறவர் அனுமதி பெற்றவரா என்பதை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்க்கலாம். வகுப்பு எடுப்பவரிடம் அக்கரைப்பற்று ஆசிரியர் கேட்டதையே கேளுங்கள், சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது கல்முனையில் என்று பேச்சு அடிபடுகிறது. கல்லடி வகுப்பில் படித்த யாராவது இதை வாசித்தால், வங்கிச் சிலிப்பையும் வட்சப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே முறைப்பாடாகக் கொடுப்போம்.