வீடு தேடி வந்த பிரெக்ஸிட் பிரசுரம்: என் மதிப்பீடு

ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் நீடிப்பதா, விலகுவதா (பிரெக்ஸிட்) என்ற பொதுவாக்கெடுப்புக்கு முன், நீடிக்கச் சொல்லி 2016 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசாங்கம் வீடு வீடாக அனுப்பிய பிரசுரம் லண்டன் ஹாரோவில் உள்ள எங்கள் வீட்டுக்கும் வந்தது. பெரிய எழுத்து, வண்ணப் படங்கள், எளிய ஆங்கிலம். என் மாமியாரே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்.

ஆனால் விஷயம் ஒருதலையானது. ஐரோப்பிய ஏற்றுமதியோடு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் தொடர்புடையவை என்கிறது, சரி. குடியேற்றம் பற்றிய விலகல் தரப்பின் வாதத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு, உடனே ஒன்றியத்தில் சேராத நார்வேயைக் காட்டி மறுத்துவிடுகிறது. செலவோ 93 லட்சம் பவுண்டு! நான் ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்தேன். ஆனாலும் மக்கள் வரிப்பணத்தில் ஒரு தரப்புக்கு மட்டும் அச்சடித்தது தப்பு.

அப்புறம் வந்த தேர்தல் ஆணையக் கையேடுதான் உருப்படியானது. இரு தரப்புக்கும் ஆளுக்கொரு பக்கம். எது வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் கையில் கொடுப்பேன். யாருக்கு வாக்கு உண்டு என்ற குழப்பமும் அப்போது நிறைய இருந்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கு, காமன்வெல்த் குடிமகன் என்பதால் வாக்கு இருந்தது. இங்கேயே வரி கட்டிவந்த, ஒன்றிய நாடான போலந்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை. முடிவு அவரைத்தான் முதலில் பாதிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.